வெட்டி எடுத்த சத்தம்

ஜோவிதா: நிறுத்து, நிறுத்து... உமேஷ், நிறுத்துடா!

உமேஷ்: என்ன இப்போ? இதுதான் கடைசிப் பாட்டு. முடிச்சா சாயங்காலம் ஆல்பத்தை ரிலீஸ் பண்ணிடலாம்.

ஜோவிதா: இதுலயும் ஹெட்போன்ல இடது பக்கம் என் கிட்டார் கத்துது. வலது பக்கம் நான் பாடுறது எங்கேயோ தூரத்துல பொத்தேரிலேர்ந்து கேக்குற மாதிரி இருக்கு.

உமேஷ்: இது பங்க் ராக், ஜோ. உங்க சர்ச் கொயரா? கரடுமுரடாதான் இருக்கும்.

ஜோவிதா: கரடுமுரடு வேற, கோணல் வேற.

உமேஷ்: உங்க அப்பா நமக்காக கார் ஷெட்டைக் காலி பண்ணிட்டு, வண்டியை மாடம்பாக்கம் வெயில்ல காய விட்டிருக்கார். அந்த மனுஷனுக்காகவாவது இன்னிக்கு முடிப்போமே.

ஜோவிதா: அப்பாவை இழுக்காதே.

உமேஷ்: மிக்ஸ் பண்றது எவ்வளவு பேஜார் தெரியுமா? ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்துலயும் என் டிரம்ஸ் நிக்கிற பலகையை நீ தட் தட்னு உதைக்கிற சத்தம்! எல்லாத்தையும் வெட்டி எடுத்தேன். காலை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?

ஜோவிதா: எல்லாத்தையுமா வெட்டிட்டே?

உமேஷ்: என்ன, கோவமா?

ஜோவிதா: இல்ல. ஹெட்போனை இடம் வலம் மாத்திப் போடு.

உமேஷ்: எதுக்கு?

ஜோவிதா: போடேன்.

உமேஷ்: சரி, போட்டாச்சு... ஐயோ! கிட்டார் காதைக் கிழிக்குதே. உன் குரல்... குரலைக் காணோமே! வயர்ல ஏதோ...

ஜோவிதா: நான் எப்படி மாத்திப் போட்டாலும் ரெண்டும் கேக்குது, உமேஷ். வயர் நல்லாதான் இருக்கு.

உமேஷ்: இடது காது... போயிடுச்சு. முழுசா இல்ல, தண்ணிக்குள்ள முங்கின மாதிரி. டிரம்ஸ்ல பெரிய சிம்பல் தட்டு அந்தப் பக்கம்தானே... மேல தகரக் கூரை வேற.

ஜோவிதா: டாக்டர்கிட்ட போனியா?

உமேஷ்: தாம்பரத்துல பார்த்தேன். டிரம்ஸை விடு, இல்லேன்னா இன்னொண்ணும் போயிடும்னார். சொன்னா அன்னிக்கே என்னை பேண்ட்லேர்ந்து இறக்கி விட்டிருப்பே. இந்த ஆல்பமாவது முடியட்டும்னு... பயமா இருந்துச்சு, ஜோ.

ஜோவிதா: பைத்தியம்.

உமேஷ்: இப்போ ஆல்பத்தை என்ன பண்றது?

ஜோவிதா: முதல்லேர்ந்து மிக்ஸ் பண்ணுவோம். இடது பக்கத்துக்கு என் காது, வலது பக்கத்துக்கு உன் காது.

உமேஷ்: அதுக்கப்புறம்?

ஜோவிதா: அப்புறம் நீ குச்சியைத் தொடக் கூடாது.

உமேஷ்: ...ம். ஆமா, நீ எப்போ கண்டுபிடிச்சே? இன்னிக்கா?

ஜோவிதா: முதல் பாட்டு ரெக்கார்டிங்லயே. உன் இடது பக்கம் நின்னு வாயால ஒன் டூ த்ரீ எண்ணினேன், நீ லேட்டா வந்தே. பலகையை உதைச்சு எண்ணினேன், அதிர்வு கால்ல பட்டு சரியா வந்தே. கேட்டா நீ போயிடுவியோன்னு நானும் கேக்கல... அந்தத் தட் தட்டை எல்லாப் பாட்டுலயும் திரும்ப வச்சிடு, உமேஷ்.