ஸ்வாதியின் ஃபோன்

காபி நன்றாக இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் வீட்டில் யாரும் சர்க்கரை போட்டுக் குடிப்பதில்லை. மகள் ஸ்வாதி நாலாவது படிக்கும்போது அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து நானும் என் மனைவி மகேஸ்வரியும் விட்டுவிட்டோம். நீங்கள் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர் என்று வாசலில் கான்ஸ்டபிள் சொன்னார். நல்லதாய்ப் போயிற்று, தமிழிலேயே சொல்கிறேன். அந்தக் கதவை மட்டும் சாத்தச் சொல்லுங்கள். வெளியே யாருடைய ஃபோனோ அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஸ்வாதியின் ஃபோனை மாற்றியது நான்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

அவள் கையில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது உடம்பில் சர்க்கரையை அளந்து அவள் ஃபோனுக்கு அனுப்பும். சர்க்கரை இறங்கினால் ஃபோன் கத்தும், கூடவே அவள் அம்மா ஃபோனும் கத்தும். நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த அளவு நேரே அம்மாவுக்குப் போவதில்லை சார். எந்த நாட்டிலோ இருக்கிற சென்சார் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டு வருகிறது. என் பிள்ளை எப்போது சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று எனக்குக் காட்டமாட்டான். அதை நினைத்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது, எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று இருக்கிறது. யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நாங்கள் சிலர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஹோட்டல் மாடியில் கூடி, வருகிறவர்களின் கம்ப்யூட்டரில் பழையதை அழித்துவிட்டு அதைப் போட்டுக்கொடுப்போம். உள்ளே பார்க்க விடாத மூடிய சரக்கு ஒரு துளிகூட மிச்சமில்லாமல் போட்டால் அதற்குச் சுத்தம் என்று பெயர். ஸ்வாதியின் ஃபோனையும் மகேஸ்வரியின் ஃபோனையும் சுத்தம் செய்துவிட்டேன் என்று சொன்ன அன்று எல்லாரும் கைதட்டினார்கள்.

சுத்தமான ஃபோனில் அந்தக் கம்பெனியின் ஆப் ஓடாது, அடம் பிடிக்கும். பதிலுக்கு ஒரு கட்டற்ற ஆப் கிடைத்தது. யாரோ நல்ல பிள்ளைகள் சம்பளமில்லாமல் எழுதியது. அளவைச் சரியாகக் காட்டியது. கத்துவதில்தான் கோளாறு. திரை அணைந்திருந்தால் சில தடவை கத்தும், சில தடவை கத்தாது.

ஸ்வாதி "பேடப்பா" என்றாள், வேண்டாமப்பா என்று. கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். பழையதே இருக்கட்டும், அதுதான் ஒழுங்காகக் கத்தும் என்று அழுதாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சுதந்திரம் என்றால் என்ன தெரியும்? எனக்குத் தெரியாமல் பழையதைத் திரும்பப் போட்டுவிடக் கூடாதே என்று ஒரு கடவுச்சொல் வைத்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மகேஸ்வரி ஹனூர்க்காரி. இந்தப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினாள். ஸ்வாதிக்குப் பரீட்சை, அதனால் நான் துணைக்கு இருந்துவிட்டேன். பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, புள்ளைக்குச் சக்கரை எறங்குனா என்ற ஃபோனு கத்துமா, கத்தாதா? அத மட்டும் சொல்லுங்க."

கத்தும் என்றேன். கத்த வேண்டும் என்றுதானே சார் எழுதியிருக்கிறார்கள்.

கிரகப்பிரவேசத்தன்று மத்தியானம் ஸ்வாதி இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். பரீட்சை பயத்தில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கும், அது எனக்குத் தெரியும். அவள் ஃபோனை எடுத்து என் லேப்டாப்பில் மாட்டினேன். எழுபதுக்குக் கீழே போனால் கத்த வேண்டும். அறுபத்தெட்டு காட்டியது, கத்தவில்லை.

இந்த இடத்தை நீங்கள் நிதானமாகக் கேட்க வேண்டும். கோளாறு இருக்கிறது என்று சும்மா எழுதிப்போட்டால் அந்த ஆப்பை எழுதியவர்களுக்கு ஒன்றும் புரியாது. அந்த நேரத்தில் ஃபோனுக்குள் என்னென்ன நடந்தது என்று விடாமல் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். பல வாரமாய் அதற்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் மகேஸ்வரி ஃபோனைத் தொட்டுத் திரையை எரியவிட்டுக் கெடுத்துவிடுவாள். அன்றைக்கு அவள் இல்லை.

அறுபது. ஐம்பத்திரண்டு. ஸ்வாதிக்கு வியர்த்துக் கொட்டியது, ஃபேனைக் கூட்டிவைத்தேன். "அப்பா" என்று ஏதோ குழறினாள். எழுப்பினால் எதையாவது சாப்பிடுவாள், சாப்பிட்டால் சர்க்கரை ஏறிவிடும், பதிவு பாதியில் நின்றுபோகும். குளுக்கோஸ் டப்பா ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை சார். ஒரு இடத்தில் நிற்க முடியாமல் கூடத்துக்கும் அவள் அறைக்குமாக நடந்துகொண்டேதான் இருந்தேன். இன்னும் ஒரே ஒரு அளவு வரட்டும் என்று நினைத்தேன். அது வந்ததும் அடுத்ததும் வரட்டும் என்று நினைத்தேன். பிறகு கை கால் வெட்டி இழுத்துக் கட்டில் சுவரில் மோதியது. அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டுக் கௌரம்மாதான் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நான் பதிவை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

ஹனூரில் மகேஸ்வரி பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாளாம். ஃபோன் இடுப்பிலேயே இருந்ததாம். கத்தவில்லை, அதனால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று நினைத்தாளாம். இப்போது என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிறாள். எனக்கு அது வருத்தம்தான்.

மறுநாள் ஸ்வாதியை வாங்கிப்போகப் பிணவறை வாசலில் நின்றபோது பதில் வந்தது. இவ்வளவு தெளிவான பதிவு யாரும் அனுப்பியதில்லை, கோளாறைச் சரிசெய்துவிட்டோம், மிக்க நன்றி என்று எழுதியிருந்தார்கள். இனி எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஆகாது. வேண்டுமானால் காட்டுகிறேன், என் ஃபோன் உங்கள் டிராயரில்தான் இருக்கிறது.

இல்லை சார், அதை நான் மாற்றவில்லை. கடையில் வாங்கினபடியே இருக்கிறது. ஆபீஸ் வருகைப் பதிவு ஆப் சுத்தமான ஃபோனில் ஓடாது, ஒரு நாள் பதியாவிட்டால் மேனேஜர் வள்ளென்று விழுவார். அப்படியானால் ஸ்வாதியின் பழைய ஆப்பை உன் ஃபோனிலாவது போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருந்தால் ஓடியிருக்கும். கத்தியும் இருக்கும். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே, சார்.