வேரு குட்டையாயிடுச்சாம்

ஜெனிட்டா: கம்பிய கழட்ட மாட்டேன்க்கா. நீ இன்னா சொன்னாலும்.

ஷாரோன்: நானா சொல்றேன்? டாக்டரம்மா எக்ஸ்ரேவ காட்டினாங்களே. முன்பல்லு நாலுக்கும் வேரு குட்டையாயிடுச்சாம். கம்பிய கழட்டிட்டு மூணு மாசம் பல்ல இழுக்காம வுடணும்னாங்க.

ஜெனிட்டா: தையில மாதா கோயில்ல எங்க பேர சொல்லி கல்யாண ஓலை வாசிக்கப்போறாங்க...

ஷாரோன்: வாசிக்கட்டும். ஓலையில பல்லு பத்தியா எழுதி கீது?

ஜெனிட்டா: உனுக்கு எல்லாம் கிண்டலு.

ஷாரோன்: செய்யூர் பஸ்ஸு வர்ற வரைக்கும் கிண்டல்தான். மோர் குடிக்கிறியா?

ஜெனிட்டா: பேச்ச மாத்தாத.

ஷாரோன்: சரி, நேராவே கேக்கறேன். கரைஞ்ச வேரு திரும்ப வளராதாம். இன்னும் இழுத்தா பல்லு ஆடும். அழகா நின்னு ஆடினா யாருக்கு லாபம்?

ஜெனிட்டா: மெதுவா இழுத்தா அவ்ளோவா பயம் இல்லன்னும் சொன்னாங்க.

ஷாரோன்: ஆமா. மெதுவாத்தானே வச்சேன், ஏன் இப்புடி ஆச்சுன்னு அவங்களே முழிச்சாங்க... ஏய், பல்ல இழுக்க கம்பியில மாட்டுற அந்த ரப்பர் பாக்கெட்டு ஒரு மாசம் வரணும். உனுக்கு மட்டும் ஏன் பாதியில தீந்துடுது?

ஜெனிட்டா: கடையில நிக்கசொல்ல... அறுந்து விழுந்துடும்.

ஷாரோன்: என் மூஞ்சிய பாத்து சொல்லு.

ஜெனிட்டா: அறுந்து விழல. சேத்து மாட்டினேன்.

ஷாரோன்: எத்தினி மாட்டின?

ஜெனிட்டா: ஒவ்வொரு பக்கமும் ரெண்டு. ஒண்ணு மாட்டினா வலிக்கவே இல்லக்கா. வலிக்கலன்னா பல்லு நகரலன்னு நெனச்சேன்.

ஷாரோன்: எவ்ளோ நாளா?

ஜெனிட்டா: அஞ்சு மாசம்.

ஷாரோன்: அடிப்பாவி... எழுந்திரு. திரும்ப போய் டாக்டரம்மாவாண்ட சொல்லலாம்.

ஜெனிட்டா: நீ போ. பொண்ணு பாத்துட்டு போய் பெஞ்சமின் அம்மா இன்னா சொன்னாங்க? பொண்ணு லட்சணம், பல்லுதான் தூக்கினு கீதுன்னு. நீதானே வந்து சொன்ன? பல்லு ஆடினாலும் பரவால்ல. கல்யாணத்தன்னிக்கி அவங்க எதிர்ல வாய தொறந்து சிரிக்கணும் நானு.

ஷாரோன்: அவங்க அப்புடி சொல்லல.

ஜெனிட்டா: இன்னாது?

ஷாரோன்: பொண்ணு நல்லா சிரிக்குதுன்னாங்க. அவ்ளோதான்.

ஜெனிட்டா: அப்ப பல்லு தூக்கினு கீதுன்னு...

ஷாரோன்: அது என் மாமியார் சொன்னது, என்னிய. கல்யாண பந்தியில, எல்லார் எதிர்லயும். உனுக்கும் அது வரக்கூடாது, எப்புடியாவது உன்னிய கம்பி போட வைக்கணும்னுதான்... பேர மட்டும் மாத்தி சொன்னேன்.