பதினேழாம் கண்ணாடியும் பஸ்தியாம்பிள்ளை அவர்களும்

"நார் ஓடுதோ, இம்மா?"

"ஓம் அண்ணை, ஓடுது. வடிவா ஓடுது."

"காலமைப் பூசையால வந்த கையோட பாக்கிறீர். இன்னொருக்காப் பாரும்."

"முதல்ல நீங்கள் உங்கட மூக்குக்கண்ணாடியைத் துடையுங்கோ. சேர்ந்திட்டுது எண்டு சொல்லுறன்!"

"அப்ப ஒட்டும்."

எரிந்த சுருளில் எழுத்தைக் கண்ட ஏந்தலே! கரியின் கருமைக்குள் கருத்தைத் தேடிய கண்ணியரே! இலண்டன் நூலகமொன்றின் நிலவறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் எங்களோடு தேநீர் பகிர்ந்து இன்று ஓய்வு பெறும் எங்கள் பஸ்தியாம்பிள்ளை அண்ணையே!

1985இல், உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, தாங்களும் இம்மாகுலேற்றும் பேசியதே மேலே உள்ளது. சிதையில் பாதி வெந்த கிரேக்கச் சமயச் சுருள் ஒன்று நகத்தளவு துண்டுகளாக மேசையில் கிடந்தது. அது நாணல் நாரால் செய்த தாள்; ஒரு துண்டின் நார் மறு துண்டுக்குள் தடையில்லாமல் ஓடினால்தான் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள். விளக்கைச் சரித்து எழுத்தை வாசிப்பது தங்கள் வேலை; நாரைப் பார்த்து ஒட்டுவது அவள் வேலை. தங்கள் இடக்கண்ணில் அப்போதே பார்வை மங்கல். அவள் சொல்லை நம்பினீர்கள்.

ஒரு துண்டில் "தெய்வம் பிட்ட அப்பம்." மற்றதில் "எல்லார் கையிலும்." இரண்டையும் சேர்த்துக் கண்ணாடித் தகடுகளுக்கிடையில் மூடி, பதினேழு என்று எண்ணிட்டு, இருவரும் ஒப்பமிட்டீர்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்கர் தெய்வத்தின் அப்பத்தைப் பகிர்ந்தார்கள், நம் பூசையில் அப்பம் பகிரும் வழக்கம் அங்கிருந்தும் வந்திருக்கலாம் என்று எழுதினீர்கள். தாங்கள் "இருக்கலாம்" என்றதை இலண்டன் டூட்டிங்கில் நம் கோவிலார் "இருக்கிறது" என்று வாசித்தார்கள். ஞாயிறு பூசையில் தங்கள் வாங்கில் பக்கத்தில் இருக்க ஆளில்லாமற் போயிற்று. மன்னாரில் பங்குச் சுவாமியாராக இருந்த தங்கள் தம்பி கிறிஸ்துநாயகம் அதைக் கண்டித்து ஒரே ஒரு கடிதம் எழுதினார். பிறகு எழுதவேயில்லை.

பொறுமையின் உருவே! அப்போதும் தாங்கள் குரல் உயர்த்தவில்லை. 1993இல் தம்பி இறந்த செய்தி வந்தது. போரால் பாதை மூடிக் கிடந்ததால் போக வழியில்லை. அன்றும் இந்த மேசையிலேயே இருந்து வேலை செய்தீர்கள். இம்மாகுலேற் தங்கள் முதுகைப் பார்த்தபடி இருந்தாள்.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். 1987 மாரிக் குளிரில் அடியிலிருந்து ஒளி வரும் புதிய மேசை ஒன்று வந்தது. அதைச் சோதிக்கக் கைக்கு எட்டிய பதினேழாம் கண்ணாடியைத்தான் வைத்தாள். இடத் துண்டின் நார் நேராக வந்தது. வலத் துண்டின் நார் சரிந்து போனது. இரண்டும் சந்திக்கவேயில்லை. சிறு வயது முதல் மனப்பாடமான பூசைதான் அன்று அவள் விரல்களை இழுத்துப் போயிருக்கிறது. அப்பம் என்றால் அடுத்தது கை என்று நெஞ்சு சொன்னதைக் கண் கண்டதாக நினைத்துவிட்டாள்.

முதலில் வேலை போய்விடும் என்று பயந்தாள். பிறகு தங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். தம்பி இறந்த பின்போ, இல்லாத ஒன்றுக்காக அவரை இழந்தீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு மாரியிலும் தாங்கள் தேநீரை நீட்டி, "அந்தத் துண்டுகள் சேராட்டி நான் ஆர், இம்மா?" என்று சிரிப்பீர்கள். அவள் கோப்பையை வைத்துவிட்டு அடுத்த துண்டின் மேல் குனிவாள்.

இம்மடலை எழுதும் பொறுப்பை அவளிடம் விட்டோம். மூன்று முறை எழுதிக் கிழித்தாள். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உமக்கென்ன விசரே?" என்றாள் வேதவல்லி. "மனுசன் பிரியாவிடை ரோல்ஸைத் திண்டிட்டு நிம்மதியாப் போகட்டுமன்."

"இந்தச் சுருளைப் பற்றி அண்ணை எழுதின புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது," என்றார் குலசேகரம். "வேற ஆரும் கண்டுபிடிச்சா மனுசன் எப்பிடித் தாங்கும்? எழுதும், பிள்ளை."

இருவர் ஒப்பமிட்டு மூடிய கண்ணாடியை அதே இருவர் ஒப்பமிட்டால்தான் திறக்கலாம். ஓய்வு பெற்றவரின் ஒப்பம் செல்லாது. இன்று ஐந்து மணியோடு தங்கள் சேவை முடிகிறது. திறந்தால் பதினொரு ஆண்டு உழைப்பு சரியும். திறக்காவிட்டால் பொய்யொன்று தங்கள் பெயரைச் சுமந்து நிற்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவளுக்கு வெளிச்சம் தெரியவில்லை.

நேர்மையே அணியான நெஞ்சினரே! எது நேர்ந்தாலும் தாங்கள் உடல் நலத்தோடும், எஞ்சிய பார்வை குன்றாமலும் நெடுநாள் வாழ வேண்டுமென்று இறைஞ்சும்,

சீர்செய்கூடத் தமிழ் ஊழியர்
குலசேகரம், வேதவல்லி, இம்மாகுலேற்
இலண்டன், 1996

கடைசி வரியைச் செந்தமிழில் எழுத அவளால் முடியவில்லை. அவள் பேச்சிலேயே இருக்கட்டும் என்று விட்டோம்:

"அண்ணை, நான் பிழை விட்டிட்டன். போறதுக்கு முன்னம் பதினேழைத் திறக்க என்னோட சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தாங்கோ."