பெயர் வெட்டிய டம்ளர்

என் வீட்டில் பிரம்பு கிடையாது. விக்கிரமசிங்கபுரத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் சார். பிரம்மநாயகி டீச்சரிடம் டியூஷன் படித்த பிள்ளை ஒன்று அடி வாங்கியது என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைப்பார்கள், ஸ்கேலைத் திருப்பி விரல் முட்டியில் அடிப்பார்கள். எனக்கு அதெல்லாம் ஆகாது. பிள்ளைகள் அழுதால் எனக்குச் சோறு இறங்காது.

நான் கொடுத்தது சுக்குக் காப்பி. மில்லில் சாயங்காலச் சங்கு ஊதியதும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, மல்லியும் மிளகும் சேர்த்துக் கொதிக்க வைப்பேன். பிள்ளைக்கு ஒரு டம்ளர், பாத்திரக்கடையில் கொடுத்து அதில் பெயரும் வெட்டியிருப்பேன். "சொந்தப் பிள்ளைக்கே யாரு இப்படிச் செய்யுதா" என்று தாய்மார்கள் மாய்ந்து போவார்கள். உங்கள் மேசையில் இருப்பது அந்த டம்ளர்கள்தான். சிலதில் பெயருக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கிறதே, அது என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கெடுப்பதே அவசரம்தான்.

தொண்ணூறில் முத்துமாலை என்னிடம் வந்தபோது ஒன்பதாம் வகுப்பு. அப்பா மில் தொழிலாளி. பையன் கெட்டவன் இல்லை, உட்கார மாட்டான், அவ்வளவுதான். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு அணில் பார்க்கப் போவான். முன்னால் இருப்பவளின் சடையை ஜன்னல் கம்பியில் கட்டுவான். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டுச் சுவரேறிக் குதித்து ஆற்றுக்குப் போய்விடுவான். பதில் சரியாகத்தான் இருக்கும். இத்தனை மூளையும் ஆற்றோடு போகிறதே என்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் அவன் அம்மா அவனுடைய சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். பெல்ட்டின் தடம் வரிவரியாக வீங்கியிருந்தது. "இவன் அப்பா அடிச்சே கொன்னுருவாவ போலுக்கு டீச்சர். நீங்கதான் எப்படியாவது உக்கார வைக்கணும்" என்றாள். அந்த முதுகைப் பார்த்து நான் அழுதேன், சார். உண்மையாகவே அழுதேன்.

எனக்கு டாக்டர் எழுதித் தந்த இருமல் மருந்து அலமாரியில் மீதி இருந்தது. அதைக் குடித்தால் இருந்த இடத்தைவிட்டு எழத் தோன்றாது. அவன் டம்ளரில் மட்டும் ஒரு கரண்டி ஊற்றினேன். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்தால் வேறு ருசி எதுவும் மேலே வராது. டம்ளர் மாறிப் போய்விடக் கூடாதே என்றுதான் ஆணியால் அந்தப் புள்ளியை வைத்தேன்.

முத்துமாலை உட்கார்ந்தான். கண் பாதி மூடி, சுவரில் சாய்ந்து, நான் சொன்னதைச் சொன்னபடி எழுதினான். எனக்குக் கோயிலில் தீபாராதனை பார்த்ததுபோல் இருந்தது. அப்புறம் அவன் அப்பா பெல்ட்டைத் தொடவே இல்லை.

பத்தாம் வகுப்பில் அவன் நல்ல மார்க்கு வாங்கியதும், ஊரில் துறுதுறுவென்று இருந்த பிள்ளைகள் அத்தனையும் என் வீட்டுக்கு வந்தன. மருந்துக்கடை குற்றாலலிங்கம் அண்ணாச்சி, "டீச்சருக்கு இருமல் விட மாட்டேங்குதே" என்று வருத்தப்படுவார். "சாக்பீஸ் தூசி அண்ணாச்சி" என்பேன்.

முத்துமாலை பாலிடெக்னிக் போன பிறகும் லீவு விட்டால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவான். "ஒங்க காப்பி குடிக்காம கை நடுங்குது டீச்சர்" என்று சிரிப்பான். எவ்வளவு குருபக்தி என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவனுடைய டம்ளரை எடுத்து, பழைய கணக்கிலேயே ஊற்றிக் கொடுப்பேன். பிறகு படிப்பை விட்டான். அப்பாவின் சைக்கிள் காணாமல் போனது, அம்மாவின் கம்மல் போனது, கையில் ஊசித் தழும்பு வந்தது. அவன் அம்மாவிடம் நான் ஒளிக்காமல் சொன்னேன்: "சேர்க்கை சரியில்ல. எங்கிட்ட இருந்தவரைக்கும் எப்படி இருந்தான்?" எங்கள் குடும்பத்தில் வெற்றிலைகூட யாரும் போட்டதில்லை, சார்.

போன திங்கட்கிழமை புது வகுப்பு ஆரம்பம். கூடம் நிறையப் பிள்ளைகளும் பெற்றோர்களும். வாசலில் வந்து நின்றான், எலும்பும் தோலுமாக.

"ஹாஸ்டல்ல இருமலுக்கு ஒருத்தன் மருந்து குடுத்தான், டீச்சர். ஒரு வாய் குடிச்சதும் ஒங்க வீட்டுக் கூடம் ஞாபகம் வந்திச்சு. அன்னைக்கி எனக்கு ஏன்னு புரியல. இப்பப் புரியுது. என் காப்பியில என்னத்தப் போட்டீய?"

"பைய பேசுலே. பின்கட்டுக்கு வா, காப்பி தாரேன்."

எப்போதும் ஒரு கரண்டி. அன்று குப்பியில் இருந்தது முழுவதும், கூடவே நான் தூக்கத்துக்குப் போடும் மாத்திரைகளையும் பொடித்துப் போட்டேன். நான் கலக்குவதை அவன் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்தும் கையை நீட்டினான். குடித்துவிட்டு, நான் சொல்லாமலே கூடத்துக்கு வந்து தன் பழைய இடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

நான் பாடம் நடத்தினேன். புதுப் பிள்ளைகள் கசமுச என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அவனைத்தான் காட்டினேன். "அங்கன பாருங்க, எங்கிட்ட படிச்ச பையன். எவ்வளவு அடக்கமா இருக்கான்." பெற்றோர்களும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். பாடம் முடிகிறவரை அவன் அசையவில்லை. எழுப்பப் போன பிள்ளைதான் கத்தியது.

ஆமாம், எவ்வளவு போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் போட்டேன். நீங்கள் எழுதுகிறபடி எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். மற்றப் புள்ளி டம்ளர்களை மட்டும் அந்தந்த வீட்டில் சேர்த்துவிடுங்கள். இனி அந்தப் பிள்ளைகளை யார் உட்கார வைப்பார்களோ, அதுதான் எனக்குக் கவலை. ஒன்றை மட்டும் விடாமல் எழுதுங்கள், சார்: முத்துமாலையை நான் கடைசிவரை ஒரு அடிகூட அடித்ததில்லை.