பழமும் காயும் பார்க்கிற ஸ்கிரீன்

— புள்ளிக் கணக்கெல்லாம் வேணாம் நஜீபா அக்கா. இந்த ரெண்டு போன்ல எதுல செவப்பு செவப்பாவே தெரியும்? அதச் சொல்லுங்க.

— கோலா சிலாங்கூர்ல இருபது வருசமா கடை வச்சிருக்கேன் தம்பி. கேமராவக் கேப்பாங்க, பேட்டரியக் கேப்பாங்க. செவப்பக் கேட்டு வந்த மொத ஆளு நீதான். நெசத்தச் சொல்றேன், இது கொரியா கம்பெனி, ஸ்கிரீன்ல இஞ்சுக்கு ஐநூறு புள்ளி. அது சீனா கம்பெனி, நானூறு. நூறு புள்ளி கூடன்னா சும்மாவா?

— நூறு புள்ளி கூட இருந்தா பழம் பழுத்துருமா? இருங்க, பையில கொண்டாந்திருக்கேன்.

— ஏய், கண்ணாடி மேல வைக்காத, எண்ணெ ஒட்டும். செம்பனைப் பழமா? பாசார் சந்தைக்குப் போற வழியில கடை மாறி வந்துட்டியா?

— செவப்பா இருக்கிற இது பழம். கருப்பா இருக்கிற இது காய். காலையில ரெண்டையும் சேத்துப் படம் புடிச்சேன். உங்க ரெண்டு போனுக்கும் அனுப்புறேன், வாசலுக்கு வாங்க. கடை லைட்டுல எல்லாமே அழகாத்தான் இருக்கும்.

— வெயில்ல நிக்க வச்சுட்டியே. ம், வந்துருச்சு. பாரு, கொரியாக்காரன் கல்யாணப் பொண்ணாட்டம் ஜொலிக்கிறான்.

— ஜொலிக்கட்டும். காயும்லா செவந்து கெடக்கு?

— அட, ஆமா. சீனாக்காரன்ல காய் கருப்பாவே நிக்குது, பழம் மட்டும் செவப்பு. இத்தன நாளா வித்தும் இதப் பாக்கலியே. எதுக்குடா தம்பி இவ்வளவு ஆராய்ச்சி?

— குலை வெட்டுனதும் படம் புடிச்சு எஸ்டேட் ஆபீசுக்கு அனுப்பணும். அங்க கணக்கெழுதுற கிராணி நடராஜா, அவரு போனப் பாத்தே பழமா காயான்னு தீர்ப்பு சொல்லுவாரு. இந்த மாசம் நாலு தடவ காய் வெட்டுனேன்னு எழுதிட்டாரு. எல்லாமே பழம்க்கா. இன்னும் ஒரு தடவன்னா கூலி கொறஞ்ச புல்லு வெட்டுற வேலைக்கு அனுப்பிருவாராம். ‘சத்தியசீலா, உன் கண்ணுல கோளாறு’ங்கிறாரு.

— அப்ப கொரியாவ எடு. காயக்கூடப் பழமாக்கிக் காட்டுது.

— காயெல்லாம் பழமாத் தெரிஞ்சு லோரி ஏறிருச்சுன்னா, எண்ணெ ஆலைக்காரன் லோரியோட திருப்பி அனுப்புவான். அப்பவும் பழி என் தலையிலதான். உள்ளத உள்ளபடி காட்டுனாப் போதும். சீனாவையே கட்டுங்க.

— கட்டுறேன். ஆனா வியாபாரம் போனாலும் நெசத்தச் சொல்லிர்றேன். உன் போன்ல எப்படித் தெரிஞ்சா என்ன? கிராணி அவரு போன்லதான பாப்பாரு? அவரோடது மங்கலா இருந்தா உன் பழம் அங்க கருப்புதான். போனுக்குக் குடுக்குற தொள்ளாயிரம் வெள்ளி உனக்குத் தண்டம்லா.

— அவரு போனு மங்கல்தான். அதுவும் நேத்து வாய்க்கால்ல விழுந்து செத்துருச்சு.

— பெறகு எந்தப் போனுக்குப் படம் அனுப்பப்போற?

— இதுக்குத்தான். என் கண்ணுல கோளாறுன்னு சொன்ன மனுசன், ‘டவுனுக்குத்தான போற, நல்ல ஸ்கிரீனாப் பாத்து வாங்கிட்டு வா’ன்னு என்கிட்டயே காசு குடுத்து அனுப்பியிருக்காருக்கா.