பத்துக் கொக்குக்கு அஞ்சு

“படத்துல பத்துக் கொக்கு நிக்கு. இவ அஞ்சுன்னு சொல்லுதா.”

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் போகும் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு டீச்சர், ஒரு தாய், நடுவே ஒன்றாம் வகுப்பு மகள். டீச்சர் மடியில் படப்புத்தகம்.

“எண்ணவே வரலியேன்னு கவலையா இருக்கும்மா,” என்றார் டீச்சர்.

தாய் படத்தை உற்றுப் பார்த்தாள்.

“அஞ்சு சோடி சரிதான டீச்சர். நாங்க பூக்கட்டுதவங்க. வீட்டுல பூவ ரெண்டு ரெண்டாத்தான் எண்ணுவோம். அதப் பாத்துப் பழகிட்டா.”

டீச்சர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஏழு தவளைகள்.

“மூணு,” என்றாள் சிறுமி. கடைசித் தவளைமேல் விரலை வைத்தாள். “இதுக்கு மட்டும் சோடி இல்ல டீச்சர்.”

டீச்சர் புத்தகத்தை அவள் மடிக்கு மாற்றினார்.

“ஒத்தைப்படை, ரெட்டைப்படை எல்லாம் நான் இன்னும் நடத்தவே இல்லியேம்மா.”