சென்ற் பற்றிக் கடந்தகால வினாத்தாள்

— ஏழாவது கேள்வி. அயர்லாந்துக்காரர் கும்பிடுற சென்ற் பற்றிக் எந்த நாட்டிலை பிறந்தவர்?

— அயர்லாந்தெண்டு எழுதினால் பிழை. பிரித்தானியா. பதினாறு வயசிலை கடத்திக்கொண்டு போனவங்கள். ஆறு வருஷம் அயர்லாந்திலை ஆடு மேய்ச்சு, கப்பலேறித் தப்பினவர்.

— கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ.

— விளக்கம் எழுதினால்தான் முழுப்புள்ளி, அருள்நாயகி. மூண்டு தரம் ஏ.எல். சோதினை எடுத்தவன் நான்.

— அது பெருமையே? சரி, எட்டு. அங்கை பாம்புகளை விரட்டினது ஆர்?

— பற்றிக். ஆனால் உது மடக்கிற கேள்வி. அந்த நாட்டிலை பாம்பே இருக்கேல்லையாம்.

— இல்லாத பாம்பை என்னெண்டு விரட்டினவர்?

— இருந்த பாம்பை நானும் விரட்டுவன். அதுக்கு ஆர் புனிதர் பட்டம் தருவினம்?

— இஞ்சாருங்கோ, மோர்னிங்சைட் வீட்டிலையிருந்து வந்து அரை மணித்தியாலமா இவையின்ரை வாசலிலை காருக்குள்ளையே இருக்கிறம். மருமகன் கொனரின்ரை அம்மா ஜன்னலாலை ரெண்டு தரம் எட்டிப் பாத்திட்டா. இறங்குவமே?

— இன்னும் ஒரு வருஷத்துப் பேப்பர் கிடக்கு. பற்றிக் நாளெண்டால் சம்பந்தி வீட்டிலை வினாடிவினா வைக்கிறவையெண்டு நீர்தானே சொன்னனீர். முதல்தரம் கூப்பிட்டிருக்கினம். நான் முட்டை எடுத்தால் துர்க்காவுக்கு என்ன மரியாதை?

— "அந்த அயர்லாந்துக்காரன் என்ரை வாசல் மிதிக்கக் கூடாது" எண்டு நீங்கள் கத்தேக்கை அவளின்ரை மரியாதை எங்கை போனது? அண்டைக்குப் போன பிள்ளை. ரெண்டு வருஷம்.

— நேரம் போகுது, பேப்பரை வெளிச்சத்திலை பிடியும்.

— "பிழை விட்டிட்டன் பிள்ளை" எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்.

— அதுக்குக் கடந்தகால வினாத்தாள் ஒண்டும் இல்லையே.

— உங்களோடை...

— ஒன்பதாவதைக் கேளும்.

— தப்பிப் போன பற்றிக் ஏன் திரும்ப அயர்லாந்துக்கு வந்தவர்?

— உதுக்கு விடைத்தாளிலை விடை இல்லை. கேள்வி எழுதின ஆளுக்கும் தெரியாதாக்கும்.

— தெரியும்.

— அப்பா! அம்மா! கண்ணாடியைத் திறவுங்கோ. என்ன செய்யிறீங்கள் உள்ளுக்கை? சாப்பாடு ஆறுது.

— துர்க்கா... சுகமா இருக்கிறியே பிள்ளை? வினாடிவினா எத்தினை மணிக்கு?

— வட்? என்ன வினாடிவினா? ஜஸ்ட் டின்னர்தான் அப்பா. கொனர் வீட்டிலை ஒருத்தரும் அயர்லாந்தைக் கண்ணாலையும் காணேல்லை. அவையளுக்கு ஹொக்கி மட்டுந்தான் தெரியும்.

— கோவிக்காதேங்கோ, துர்க்காவுக்கு ஒண்டும் தெரியாது. பேப்பர் ஐஞ்சும் நான்தான் ரைப் பண்ணினனான். விருந்தெண்டால் வரமாட்டீங்கள். சோதினையெண்டால் விடமாட்டீங்கள்.

— அது எனக்கு முதல் பேப்பரிலையே தெரியும்.

— தெரிஞ்சுகொண்டோ ஒரு மாசமாப் பாடமாக்கினீங்கள்? எப்பிடிப் பிடிச்சனீங்கள்?

— அயர்லாந்துக்காரர் கேள்வித்தாளுக்கு மேலை பிள்ளையார்சுழி போடமாட்டினம், அருள்நாயகி. இறங்கும். பிள்ளை கோட்டும் இல்லாமல் குளிருக்கை நிக்குது.